தூத்துக்குடியில் ஒரு வேதக்கார இயந்திரம்

கடலைப் பற்றிப் பேச ஐந்து நாள் கூட்டம் போட்டவர்கள், கடல் கண்ணில் படாத இடமாகத் தேடிப் பிடித்து ஓர் ஓட்டலை எடுத்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், புதுக்கோட்டை என்ற சிற்றூரையும் தாண்டி இருந்தது அது. வாசலில் பளிங்கு டால்பின் ஒன்று வாயிலிருந்து தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "கடல் எந்தப் பக்கம்?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "நீச்சல் குளம் பின்னாடி இருக்கு மேடம்" என்றாள்.

என் மகள் யமுனாவுக்குத் துணையாக மலேசியாவிலிருந்து வந்திருந்தேன். மழையின் அளவை வைத்து வெள்ளம் எப்போது வரும் என்று கணினியைக் கணிக்கவைப்பது அவள் படிப்பு. முனைவர் பட்டம் வாங்கி இரண்டு ஆண்டாகிறது. அந்த இரண்டு ஆண்டும் கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்போதுதான் ஐரோப்பாவில் குளிர் அதிகமான ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் அறிவிப்பு விட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புயல், வெள்ளம் போன்ற பருவநிலை ஆபத்துகளைச் சமாளிக்கும் ஆய்வு, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு வேலை, இடம் இரண்டு. விண்ணப்பித்தவர்களில் ஐந்து பேரைப் பொறுக்கி, தாங்கள் ஆய்வு நடத்தும் தூத்துக்குடிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் களத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் பேச வேண்டும். பேசுவதைக் கேட்டு இரண்டு பேரை எடுப்பார்கள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது யமுனா ரயில் நிலையப் படியில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று பல்கலைக்கழகம் பெருந்தன்மையோடு எழுதியது. அந்தத் துணை நான். கிள்ளான் துறைமுக வாசலில் இருபத்தைந்து வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவள். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மீதியை லோரி ஓட்டுநர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசியதைக் கேட்டுப் படித்துக்கொண்டேன். யார் நன்றாக ஒரு வார்த்தை சொன்னாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான்.

முதல் நாள் வியாழக்கிழமை. வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே குளிரூட்டிய அரங்கில் எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். பருவநிலையைச் சமாளிப்பது எப்படி என்பதற்கு அதுவே முதல் பாடம்போல இருந்தது. நான் கடைசி வரிசையில் யமுனாவின் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைமைப் பேராசிரியர் நெடிய மனிதர். சாதுவான முகம், கசங்கிய பருத்திச் சட்டை. "வணக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு விழுந்த கைதட்டலில், அதற்கு மேல் தமிழ் படிக்கும் அவசியம் அவருக்கு வந்திருக்காது.

திரையில் முதலில் வந்தது முத்துக் குளிப்பவரின் பழைய படம். "ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கடலைப் படித்த மக்கள்" என்றார். அடுத்த படத்தில் அந்த மக்கள் புள்ளிகளாகிவிட்டார்கள். ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்களாம். படகு எங்கே இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றாண்டுப் போக்குவரத்தை, காற்றையும் அலையையும் சேர்த்து, இயந்திரத்துக்குப் புகட்டியிருக்கிறார்கள். அனுபவசாலிகளான மீனவர்கள் எந்த நாளில் கரையிலேயே இருந்துவிட்டார்களோ அது ஆபத்தான நாள். எந்த நாளில் கடலுக்குப் போனார்களோ அது நல்ல நாள். இப்படி அவர்கள் மனத்திலிருக்கும் அறிவை இயந்திரம் கற்றுக்கொண்டு, முதல் நாள் மாலையே அவர்கள் கைப்பேசிக்குச் சொல்லிவிடும்; சோதனை முறையில் இப்போதே சொல்லிவருகிறதாம். போகலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு.

"சிவப்பு காட்டிய நாள்களில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை." இதைச் சொன்னபோது பேராசிரியரின் குரல் லேசாகத் தழுதழுத்தது. "ஒன்றுகூட. எந்த நாட்டிலும் எந்த எச்சரிக்கைக்கும் இப்படி ஒரு கீழ்ப்படிதல் கிடைத்ததில்லை." அடுத்த மாதம் வெளியீட்டு விழா. பிறகு இதே இயந்திரம் வேறு பல நாட்டுக் கடற்கரைகளுக்குப் போகிறது.

நானும் கைதட்டினேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? கிள்ளானில் வெள்ள எச்சரிக்கை என் கைப்பேசிக்கு வந்தபோது கடைக்குள் ஏற்கெனவே தண்ணீர் புகுந்து, நான் ஐஸ் பெட்டியின்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தேன். முதல் நாளே சொல்கிற இயந்திரம் என்றால் கும்பிடத்தான் தோன்றியது.

மதியம் மீன் வைத்தார்கள். வெள்ளையாக, முள்ளில்லாமல், ருசியும் இல்லாமல். என்ன மீன் என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"பாசா மேடம். வியட்நாம்ல இருந்து வருது."

"தூத்துக்குடியில் மீன் கிடைக்காதா தம்பி?"

"நல்ல மீனு பூராவும் ஏத்துமதிக்குப் போயிருதுலா."

எங்கள் ஊரிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடுவோம். ஆனால் அது கெஞ்சுகிற 'லா'. இவர்களுடையது, இதுகூடத் தெரியாதா என்று கேட்கிற 'லா'.

ஓட்டலுக்குள்ளேயே முத்துக் கடை ஒன்று இருந்தது. வாசலில் முத்து நகரம் என்று பலகை. இந்தக் கடலில் எடுத்த முத்தா என்று கேட்டேன். விற்பனைப் பெண் நாணயமானவள். "ஐதராபாத்ல இருந்து வருதுக்கா. அங்கன எங்க இருந்து வருதுன்னு அவங்கதான் சொல்லணும்" என்றாள்.

மாலையில் வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று நானும் யமுனாவும் ஓர் ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் பெயர் சூசை. அறுபது வயதிருக்கும். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். யமுனாவின் மாவுக்கட்டுக் கால் உள்ளே மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தன் சிவப்புத் துண்டை எடுத்து அதன் நுனியில் கட்டினார். "கம்பி ஏத்திட்டுப் போற லாரிக்குக் கட்டுவாவள்லா, அது மாதிரி. நம்ம காலு நீளுதுன்னு பின்னால வாரவனுக்குத் தெரியணும்" என்றார். அன்று பொரித்த பரோட்டா சாப்பிட்டோம். எண்ணெயில் முறுகலாகப் பொரித்து, உடைத்து, சால்னாவில் ஊறப்போட்டுத் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைக் கொஞ்சம் அடித்து வளர்த்தால் இப்படி ஆகும்.

வெள்ளிக்கிழமை கள ஆய்வு. ஐந்து பேரையும் வேனில் ஏற்றி ஒரு மீனவக் குடியிருப்புக்கு அழைத்துப் போனார்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்தலாம் என்று ஓட்டுநர் சொன்னதைக் கேட்காமல், நிதின் இன்னும் கொஞ்சம் போகச் சொன்னார். நிதின் கழுத்தில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் என்று அட்டை தொங்கியது. அவருக்கு ஊர் சென்னை. வேன் மணலில் அச்சுவரை புதைந்தது. ஆபத்து மேலாண்மை நிபுணர்கள் பதினோரு பேரை, வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் வந்து தள்ளி மீட்டார்கள்.

மீன் ஏலம் விடும் கூடத்தில் கலந்துரையாடல். வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தொப்பியும் தண்ணீர்க் குப்பியும் கொடுத்தார்கள். நிதின் பலகைபோன்ற ஒரு கருவியைப் பார்த்துக் கேள்வியைப் படித்தார். "பருவநிலை மாற்றத்தால் உங்கள் வாழ்வு எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்."

முன்வரிசையில் லூர்து என்ற பெண் இருந்தாள். மீன் விற்பவள், புருஷனுக்குச் சொந்தப் படகு. "மூணு போட்டுக்கிடுங்க சார். பத்தாதுன்னா நாலாக்கிக்கிடுங்க. உங்களுக்கு எது தோதோ அது" என்றாள். கூடமே சிரித்தது. நிதின் சிரிக்காமல் மூன்று என்று பதிந்தார். இதேபோல நாற்பது கேள்வி. கடைசியில் ஒரு கிழவர், "நாங்க ஏதாச்சும் கேக்கலாமா?" என்றார். "நேரம் இல்லை ஐயா, அடுத்த தடவை" என்றார் நிதின். "போன தடவையும் இதத்தான் சொன்னீய" என்று கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

சனிக்கிழமை போட்டியாளர்களை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாண்டுப் படகுக் கணக்கைக் கையில் கொடுத்து, அதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துத் திங்கட்கிழமை பேசச் சொன்னார்கள். நான் பேருந்தேறி உடன்குடிக்குக் கருப்பட்டி வாங்கப் போனேன். பாதி வழியில் உப்பளங்களுக்கு நடுவே சக்கரம் வெடித்து வண்டி நின்றது. குவித்து வைத்திருந்த உப்பு கண்ணைக் கூசவைத்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதிலும் காற்றில்லை. "ரெண்டும் ஒரே ஆத்தாவுக்குப் பொறந்ததுக, ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் படுத்துரும்" என்றார் நடத்துநர். எங்கள் ஊரென்றால் பத்துப் பேர் புகார் எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவற்றில் எதையும் கேட்காமல் வண்டி கிளம்பியது. உடன்குடிச் செம்மண் என் வெள்ளைப் புடவையின் கரையை மாற்றிவிட்டது. கருப்பட்டி மட்டும் அவ்வளவு பாடுபட்டதற்குத் தகும்.

நான் திரும்பியபோது யமுனா தரையில் காகிதங்களைப் பரப்பிவைத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, சிவப்பு நாளெல்லாம் ஏழு நாளுக்கு ஒரு தடவை வருது. ஏழு, ஏழு, ஏழு. காத்து என்ன கேலண்டர் பார்த்தா அடிக்கும்?"

"கருவியை வாரா வாரம் கழற்றித் துடைக்கிறார்களோ என்னமோ."

"அப்படித்தான் ஏதாவது இருக்கும்" என்றாள். ஆனால் இரவுச் சாப்பாட்டில் அவள் கை எதையோ எண்ணிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, மீனவர்கள் கடலில் தொழில் செய்வதைப் படகில் போய்ப் பார்ப்பது. அந்தக் குளிர்நாட்டில் உட்கார்ந்து யாரோ போட்ட திட்டம். வேனில் மாவுக்கட்டுக் காலை நீட்ட இடமில்லாததால் நானும் யமுனாவும் பின்னால் ஆட்டோவில் வருகிறோம் என்றோம். சூசை அண்ணாச்சியைக் கூப்பிட்டால், "பூசை முடிஞ்சுதான் வண்டி எடுப்பேம்க்கா. அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டார். கடைசியில் வேனிலேயே யமுனாவின் காலை முன்னிருக்கையின் தோளில் போட்டுக்கொண்டு போனோம்.

கடற்கரையில் ஈ காக்கை இல்லை. படகுகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. ஒரு படகின் நிழலில் நாய் ஒன்று படுத்திருந்தது. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. நிதினின் கைப்பேசியில் மட்டும் சிவப்பு. பேராசிரியர் அந்தக் கடலைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இன்று நமக்குப் படகுப் பயணம் இல்லை. ஆனால் அதைவிட அருமையான ஒன்றைப் பார்க்கிறீர்கள். நேற்று மாலை சிவப்பு அனுப்பினோம். கடல் இவ்வளவு அமைதியாக இருந்தும் ஒருவர்கூடப் போகவில்லை. நம்மை எவ்வளவு நம்புகிறார்கள் பாருங்கள்." சொல்லிவிட்டு வெறும் படகுகளைப் படமெடுக்கத் தொடங்கினார். போட்டியாளர்களில் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

அந்த நேரத்தில் மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பட்டுப் புடவையும் தலைநிறையப் பூவுமாக லூர்து வந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அவள் புருஷன் அந்தோணி. இடது கையைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருந்தார்.

"என்னக்கா, இன்னைக்குப் போயி கடலப் பாத்துட்டு நிக்கீய?"

"படகில் போகலாம் என்று கூட்டிவந்தார்கள்."

"ஞாயித்துக்கெழமையா? ஞாயித்துக்கெழம எவன் கடல்ல எறங்குவான்? இந்தக் கரையில எந்தக் காலத்துலயும் கெடையாது."

யமுனா ஊன்றுகோலை இறுகப் பிடித்தாள். தன் கைப்பேசியில் இருந்த சிவப்பை லூர்துவிடம் நீட்டினாள்.

"இதுவா? இது வேதக்கார மிசினுலா." இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். "ஞாயித்துக்கெழம தவறாம சிவப்பப் போட்டுரும். மாதா திருநாளுக்குப் போடும், கிறிஸ்மசுக்குப் போடும். சாமியாரு மறந்தாலும் அது மறக்காது. பூசையில போயி நற்கருணை அப்பம் ஒண்ணுதான் இன்னும் வாங்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யமுனா சிரிக்கவில்லை. பல்கலைக்கழகக்காரர்கள் தேதியை மட்டும்தான் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கிழமையை அது தானாகக் கண்டுபிடித்திருக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். படகு போகாத நாள் ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தார்கள். படகு போகாத நாள் ஞாயிறு. ஆகவே ஞாயிறு ஆபத்து. ஞாயிறன்று சிவப்பு காட்டினால் படகு போகாது. ஆகவே எச்சரிக்கை வெற்றி.

"பச்சை காட்டினால்?" என்று அந்தோணியைக் கேட்டாள்.

"சிவப்பு காட்டையில நாங்க கோயில்ல இருப்போம். பச்ச காட்டையில கடல்ல இருப்போம். அவ்வளவுதான்மா. பெரியவங்க அதப் பாக்கதில்ல. இளவட்டங்க பாப்பானுவ. பச்சன்னா ஒரு தெம்பு." மடங்கிய கையைத் தடவிக்கொண்டார். "ஐப்பசியில ஒரு செவ்வாக்கெழம. மேகத்தப் பாத்து நான் வேண்டாம்னேன். மருமவன் போனக் காட்டுதான், பச்ச மாமான்னு. போனோம். படகு கவுந்துச்சு. நாலு மணி நேரம் டீசல் கேனப் புடிச்சிட்டுக் கெடந்தோம்."

"இதை இவர்களிடம் சொன்னீர்களா?"

"வந்து எழுதுனாவ. ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு கஷ்டப்பட்டீயன்னு கேட்டாவ. அஞ்சுன்னேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். பேராசிரியர் நாயைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நிதின் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். கரையில் நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"ஆன்ட்டி, நீங்களாவது யமுனாவுக்குச் சொல்லுங்க. நாளைக்கு அதைப் பேச வேணாம். சாரோட பத்து வருஷ உழைப்பு இது. யமுனா மேல சாருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கு. கண்டிப்பா எடுத்துருவாங்க."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றாள் யமுனா.

"வந்த ரெண்டாவது மாசமே தெரியும். மெயில் போட்டேன். 'கலாச்சாரக் காரணிகள்'னு ஒரு ஃபோல்டர் திறந்து அதுல போட்டுட்டாங்க. அங்க பத்திரமா இருக்கு."

அவர் போனதும் நான் யமுனாவிடம் சொன்னதை மறைக்கப் போவதில்லை. நிதின் சொன்னதையேதான் நானும் சொன்னேன். வேலைக் கடிதம் கைக்கு வரட்டும், ஒரு மாதம் போகட்டும், அப்புறம் பக்குவமாக எடுத்துச் சொல் என்றேன். இரண்டு வருஷமாக அவள் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டே சமைத்தவள் நான். இந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்பிய அளவுக்கு அவள்கூட விரும்பியிருக்க மாட்டாள்.

"ஒரு மாசத்துல எத்தனை செவ்வாய்க்கிழமை வரும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை மற்ற நால்வரும் முதலில் பேசினார்கள். எல்லாருடைய பேச்சிலும் அந்தக் கீழ்ப்படிதல் வரைபடம் வந்தது. ஒருவர் அதை மூன்று நிறத்தில் போட்டார். ஒருவர் அதைச் சுழல வைத்தார். கைதட்டியவர் அதற்குக் 'கரையோர ஞானம்' என்று பெயர் வைத்தார்.

யமுனா வரைபடம் போடவில்லை. ஓட்டல் வரவேற்பில் கேட்டு வாங்கிய மாதக் காலண்டரைப் படமெடுத்துத் திரையில் காட்டினாள். சிவப்பு நாள்களை வட்டமிட்டிருந்தாள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று புரட்டினாள். திருநாள் வட்டங்கள் ஒன்றிரண்டைத் தவிர மற்ற வட்டங்கள் எல்லாம் ஒரே வரிசையில், மேலிருந்து கீழே, சட்டைக்குப் பொத்தான் தைத்ததுபோல நின்றன. அந்தோணியின் செவ்வாய்க்கிழமையையும் சொன்னாள். மொத்தம் ஆறு நிமிஷம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதற்கு வெளியான ஆய்வுக் கட்டுரை ஏதும் இருக்கிறதா?"

"கட்டுரை இல்லை. கூப்பிட்டால் வந்து சொல்ல ஊரே இருக்கிறது."

"சுவாரசியம்" என்றார். சாப்பாட்டுக் கடையில் அந்த மாதிரிச் 'சுவாரசியம்' எனக்குப் பழக்கம். குழம்பில் முடி கிடந்தால் பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மதியம் ஒவ்வொருவராகச் சிறு அறைக்குள் கூப்பிட்டார்கள். ஊன்றுகோல் பிடிக்கும் உரிமையில் நானும் யமுனாவோடு போனேன். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் கால் நீட்ட இடம் செய்து கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவரென்றால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"ஐந்து பேரில் நீங்கள்தான் சிறந்தவர். உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்றார்.

என் நெஞ்சு குளிர்ந்தது.

"அடுத்த மாதம் வெளியீட்டு விழா முடியட்டும். அதன் பிறகு இதையே உங்கள் முதலாண்டு ஆய்வாக வைத்துக்கொள்ளுங்கள். 'வார ஓய்வின் தாக்கம்' என்று அருமையான கட்டுரை வரும். அதுவரை இது நமக்குள் இருக்கட்டும்."

யமுனா ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுவரை மீனவர்களின் கைப்பேசியில் பச்சை வராமல் நிறுத்திவைப்பீர்களா?"

"நடுவில் நிறுத்தினால் தரவின் தொடர்ச்சி அறுந்துவிடும்" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

யமுனா என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலேயே பதில் தெரிந்தது. நான் தமிழில், நிதானமாக, "சரின்னு சொல்லு" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவள் ஆங்கிலத்தில், மன்னிக்க வேண்டும், எனக்கு இந்த வேலை வேண்டாம் என்றாள். பிறகு ஊன்றுகோலுக்காகக் கையை நீட்டினாள். கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கொடுத்தேன்.

வாசலில் சூசை அண்ணாச்சி ஆட்டோவோடு நின்றார். "வேலை கெடச்சுதாம்மா?"

"கிடைத்தது. வேண்டாம் என்றுவிட்டாள்" என்றேன். என் குரலிலிருந்த சூட்டை அவர் கவனித்திருப்பார். யமுனா, விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கடற்கரைக்குப் போங்கள் என்றாள். வழி முழுக்க நான் அவளோடு பேசவில்லை. மூன்றாண்டு வேலையை ஒரு வாக்கியத்தில் தூக்கிப்போட்டவளோடு என்ன பேச?

ஏலக் கூடத்தில் படகுகள் திரும்பும் நேரம். ஐஸ் உடைக்கும் சத்தமும் விலை கூவும் சத்தமும் கலந்து காது அடைத்தது. யமுனா கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து, மாவுக்கட்டை இன்னொரு பெட்டியின்மேல் நீட்டிக்கொண்டாள். லூர்துவின் மருமகனைக் கூப்பிட்டு அவன் கைப்பேசியை வாங்கினாள். இந்தப் பச்சை காற்றைப் பார்த்துச் சொல்வதில்லை, இதே கிழமையில் முன்பெல்லாம் நீங்கள் கடலுக்குப் போனீர்களா என்று பார்த்துச் சொல்கிறது என்று மலேசியத் தமிழில் விளக்கினாள். அவன் முழித்தான். லூர்து மொழிபெயர்த்தாள்.

"ஏலே, நீ போறேன்னு அது பச்ச காட்டுது. அது பச்ச காட்டுதுன்னு நீ போற. ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்துட்டுக் கெடக்கீய. வானத்த எவம்லே பாக்கது?"

அது போதுமாக இருந்தது. ஒருவன் சிரித்தான், இன்னொருவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டான். பிறகு ஒவ்வொருவராகக் கைப்பேசியை நீட்டினார்கள். யமுனா ஒவ்வொன்றிலும் அந்தப் பச்சையை எடுத்துவிட்டு, அரசாங்க வானிலை அறிக்கை எங்கே வரும் என்று காட்டிக்கொடுத்தாள். மீன் செதில் ஒட்டிய கைகள். வரிசை கூடத்துக்கு வெளியே வரைக்கும் நீண்டது. அந்தோணி மட்டும் வரிசையில் நிற்காமல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை முடிந்ததும் லூர்து இடுப்பில் கைவைத்து அவள் முன் நின்றாள்.

"எடுத்துட்ட, சரி. இனி பயலுவ எதப் பாப்பானுவ? காத்தப் பாத்துச் சொல்லுத மாதிரி நீயே ஒண்ணு செஞ்சு குடுளா."

"நானா? எனக்கு வேலையே இல்லையேக்கா" என்றாள் யமுனா.

"வேலையில இருக்கவங்க செஞ்ச லெச்சணத்தத்தான் மூணு வருசமாப் பாத்தோமே" என்றாள் லூர்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யமுனா என்னைப் பார்க்காமலே கை நீட்டி, என் நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கேட்டாள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அந்தோணி அண்ணன், அந்தச் செவ்வாய்க்கிழமை மேகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.